திரைக்கு அப்பால் நிற்கும் வாடிக்கையாளர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முன்னுரை

கடைத்தெருவில் புடவை வாங்கும் ஒரு பெண்மணியைக் கூர்ந்து கவனியுங்கள். மடிப்பைப் பிரித்துப் பார்ப்பார். முந்தானையை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்ப்பார். கடை விளக்கை நம்பாமல் வாசல்வரை எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் நிறத்தைப் பார்ப்பார். சாயம் போகுமா என்று கேட்டுவிட்டு, கடைக்காரரின் முகத்தைப் பார்த்தே பாதி விடையைத் தெரிந்துகொள்வார். மறுநாள் குறை தென்பட்டால் அதே கடைக்குப் போய் அதே முகத்தைப் பார்த்துக் கேட்கலாம்.

இணையக் கடையில் இவற்றுள் ஒன்றுமில்லை. அங்கே இருப்பவை ஒரு படமும் நான்கு வரி எழுத்துமே. பெரும்பாலும் பணத்தை முதலில் கொடுத்துவிட்டுப் பொருளைப் பின்னர்தான் பார்க்கிறோம். இந்தக் குறையை ஈடுசெய்யவே இணைய வணிகத்துக்கென்று நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் பிறந்தன. அவ்விதிகள் அடிக்கடி மாறுகின்றன என்றும், சிறு வணிகரால் அவற்றைப் பின்பற்ற முடியாது என்றும் பலரும் குறை கூறுகின்றனர். முதலாவது உண்மை. இரண்டாவது உண்மையன்று என்பதை என் வீட்டு அனுபவத்தைக் கொண்டே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன்.

வீட்டுக்கு வந்த கடிதம்

எங்கள் ஊர் சின்னாளப்பட்டி. சுங்குடிப் புடவைக்குப் பேர்பெற்ற ஊர். என் அக்கா இரண்டு ஆண்டுகளாக ஓர் இணையச் சந்தையின் வழியாகச் சுங்குடிப் புடவைகளை விற்று வருகிறார். வீட்டு முன்னறையில் இருக்கும் பீரோதான் கிடங்கு. படம் எடுப்பதும் பொட்டலம் கட்டுவதும் அக்காவும் அம்மாவும். கூரியர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

சென்ற ஆண்டு பெங்களூரிலிருந்து ஓர் அம்மையார் 1,450 ரூபாய்க்கு ஒரு புடவை வாங்கினார். படத்தில் அது அடர்ந்த அரக்கு நிறம். கைக்குப் போய்ச் சேர்ந்ததோ செங்கல் நிறம். சொன்ன நாளுக்கு ஒன்பது நாள் தாமதமாகவும் சேர்ந்தது. அவர் இரண்டு முறை செய்தி அனுப்பினார். அக்கா பதில் எழுதவில்லை. எங்கள் பக்கத்தின் அடியில் ‘விற்ற புடவை திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று எழுதியிருந்ததால் அதுவே போதும் என்று இருந்துவிட்டார். மூன்றாவது வாரம், சட்டப் பிரிவுகளைக் குறிப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது.

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆகவே ஆங்கிலத்தில் எது வந்தாலும் என் கைக்கு வந்துவிடும். “தம்பி, ஜெயில்ல போட்ருவாங்களாடா?” என்றார் அக்கா. அதற்கு விடை சொல்லும் அளவுக்கு அன்று எனக்குத் தெரியாது. அகராதியும் கையுமாக நான்கு நாள் படித்தேன். புரியாத இடங்களை வணிகவியல் துறைப் பேராசிரியரிடம் கேட்டுத் தெளிந்தேன். மத்திய அரசின் விதிகள் அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகின்றன. தமிழ் மட்டும் அறிந்த என் அக்காவைப் போன்றவர்கள், தாங்கள் மீறும் விதி இன்னதென்று அறியாமலே மீறுகின்றனர். நான் அறிந்துகொண்டதை இங்கே எழுதுவதற்கு அதுவே காரணம்.

சட்டம் வளர்ந்த வரலாறு

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி 1962 மார்ச் 15 அன்று அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு விடுத்த செய்தியில் நுகர்வோரின் நான்கு உரிமைகளை எடுத்துரைத்தார். அந்நாளே உலக நுகர்வோர் உரிமை நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அன்று இணையக் கடை என்ற ஒன்றே நம்மிடையே இல்லை. ஆகவே அச்சட்டம் நேருக்கு நேர் நடக்கும் வாணிகத்தையே மனத்தில் கொண்டிருந்தது.

அதற்குப் பதிலாக 2019இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மின்னணு முறையில் இணையத்தின் வழியாக வாங்குபவரும் நுகர்வோரே என்று அது வெளிப்படையாகக் கூறுகிறது. அதே ஜூலை 23ஆம் நாள் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் அறிவிக்கப்பட்டன. மறுநாள் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நிறுவப்பட்டது.

அச்சட்டத்தில் விற்பவர் அறியவேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. வாங்கியவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே, அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே, நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அதாவது பெங்களூர் அம்மையார் சின்னாளப்பட்டியைத் தேடி வர வேண்டியதில்லை. வழக்கென்று வந்தால் பெங்களூர் வழக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்களே. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு முறையீட்டுக் கட்டணமும் இல்லை. எனவே 1,450 ரூபாய்க்காக யார் வழக்குப் போடப் போகிறார்கள் என்று அசட்டையாக இருக்க இயலாது.

விதிகள் யாரைக் கட்டுப்படுத்தும்?

மின்வணிக விதிகள் இணையக் கடைகளை இரண்டு வகையாகப் பிரிக்கின்றன. பலர் தம் பொருள்களை விற்க இடம் கொடுக்கும் இணையச் சந்தை ஒருவகை. தன் சரக்கைத் தானே விற்கும் கடை மற்றொரு வகை. இவையன்றிச் சந்தையின் வழியாக விற்கும் விற்பனையாளருக்கும் தனியே கடமைகள் உண்டு. என் அக்கா இந்த மூன்றாவது கூட்டத்தைச் சேர்ந்தவர்.

தொழிலாகவோ தொடர்ச்சியாகவோ அல்லாமல், தனிப்பட்ட முறையில் ஒருவர் செய்யும் செயலுக்கு இவ்விதிகள் பொருந்தா. விடுதி அறையை விட்டுப் போகும் மாணவர் தம் பழைய மிதிவண்டியை விற்றால் அவருக்கு இவ்விதிகள் இல்லை. வாரந்தோறும் பத்துப் புடவை விற்பவருக்கு உண்டு. கடை சிறியதா பெரியதா என்பது இங்கே கேள்வியன்று.

பக்கத்தில் எழுத வேண்டியவை

விற்பனையாளர் தம் நிறுவனத்தின் பெயர், முகவரி, தொடர்பு எண் ஆகியவற்றை வாங்குவோர் காணும்படி தரவேண்டும். எல்லாக் கட்டணங்களும் வரியும் அடங்கிய மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்டி, அதன் கீழே அஞ்சல் செலவு முதலியவற்றைப் பிரித்துக் காட்டவேண்டும். பொருள் உருவான நாடு, காலாவதியாகும் பொருளாயின் அந்நாள், அனுப்பும் முறை, திரும்பப் பெறும் நிபந்தனை, திருப்பி அனுப்பும் செலவு யாரைச் சேர்ந்தது என்பன யாவும் வாங்கும் முன்னரே தெரியவேண்டும். பொருளின் இயல்புக்கு மாறாக விளம்பரம் இருத்தல் கூடாது.

அப்பளம், மசாலாப் பொடி போன்றவற்றைப் பொட்டலமிட்டு விற்போருக்கு, 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளும் உண்டு. தயாரிப்பாளரின் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை முதலியவற்றைப் பொட்டலத்தில் அச்சிட்டால் மட்டும் போதாது, இணையப் பக்கத்திலும் காட்டவேண்டும். தயாரித்த மாதமும் ஆண்டும் மட்டும் பக்கத்தில் இல்லாமல் இருக்கலாம். அவை பொட்டலத்தில் இருந்தாக வேண்டும்.

இப்பட்டியலை நான் படிக்கப் படிக்க, அக்கா ஒரு தாளில் குறித்தார். எங்கள் பக்கத்தில் இருந்தவை பெயரும் விலையும் மட்டுமே. அஞ்சல் செலவான 90 ரூபாய் கடைசித் திரையில்தான் தோன்றியது.

திரும்பப் பெறும் கடமை

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்பது நம் கடைகளில் நெடுநாளாக இருந்துவரும் வாசகம். அக்கா அதைக் கடைத்தெருவில் பார்த்துத்தான் எழுதினார். ஆனால் நான்கு நிலைகளில் விற்பனையாளர் பொருளைத் திரும்பப் பெற மறுக்கவோ, பணத்தைத் தர மறுக்கவோ கூடாது என்று மின்வணிக விதிகள் கூறுகின்றன. பொருள் பழுதுடையதாக இருத்தல், போலியாக இருத்தல், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாதிருத்தல், சொன்ன காலத்துக்குப் பின் வந்து சேர்தல் என்பன அவை. வெள்ளம், புயல் போன்ற கைமீறிய காரணத்தால் நேர்ந்த தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. எங்கள் புடவையோ இந்நான்கில் இரண்டுக்கு உட்பட்டது. நாங்கள் எழுதிய வாசகம் எங்களைக் காக்கவில்லை.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். மனம் மாறிவிட்டது என்ற காரணத்துக்காக மட்டும் எப்பொருளையும் திருப்பித் தரும் பொது உரிமையை நம் நாட்டு விதிகள் தரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் காரணம் சொல்லாமலே 14 நாள்களுக்குள் திருப்பித் தரலாம். இங்கே அவ்வசதி கடைக்காரர் தாமாகத் தந்தால்தான் உண்டு. தந்தால் அதை எழுதவேண்டும். எழுதினால் அதன்படி நடக்கவேண்டும்.

நிறம் ஏன் மாறியது என்பதை இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஆராய்ந்தேன். கைப்பேசித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கலந்து நிறத்தைக் காட்டுகிறது. துணியோ தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டு எஞ்சியதையே திருப்பி அனுப்புகிறது. ஆகவே மஞ்சள் விளக்கின் கீழ் ஒரு நிறமும் பகலில் ஒரு நிறமும் தோன்றுவது இயல்பு. இதை அக்காவிடம் விளக்கியபோது அவர் சற்றுத் தயங்கி, “அது மட்டுமில்ல தம்பி, கலர் தூக்கலா தெரியணும்னு போன்லயே மாத்திட்டேன்” என்றார். இயற்கை செய்த பிழை சிறிது, நாங்கள் செய்தது பெரிது. ‘திரையில் நிறம் சற்று மாறித் தெரியலாம்’ என்ற குறிப்பு முதலாவதற்குத் தகும். இரண்டாவதை மறைக்க அது உதவாது.

புகாருக்குப் பதில்

விற்பனையாளர் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை அமர்த்தி, அவர் பெயரையும் தொடர்பு எண்ணையும் பதவியையும் வெளியிட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததென்று தெரிவிக்கவும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்கவும் வேண்டும். அலுவலர் என்றதும் நாற்காலியும் மேசையும் போட்ட ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டுமோ என்று அக்கா அஞ்சினார். சிறு கடையில் உரிமையாளரே அப்பொறுப்பை ஏற்கலாம். தேவைப்படுவது ஒரு பெயரும், எடுக்கப்படும் ஒரு தொலைபேசியுமே.

ஆனால் அக்கா செய்த பெரும்பிழை இங்கேதான். பதில் எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவர் எண்ணினார். வாங்கியவருக்கோ, நிறம் மாறியதைக் காட்டிலும் ஒருவரும் பதில் சொல்லாததே கோபத்தை மூட்டியது. கடைத்தெருவில் கேள்வி கேட்ட வாடிக்கையாளருக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கடைக்காரர் எவரும் இல்லை. திரைக்கு முன்னால் இருந்துகொண்டு நாங்கள் அதைத்தான் செய்தோம்.

கண்கட்டு உத்திகள்

வாங்குபவரைத் திரையின் அமைப்பைக் கொண்டே ஏமாற்றும் உத்திகளுக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர். 2023 நவம்பர் 30 அன்று வெளியான வழிகாட்டுநெறிகள் இவ்வகையில் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. இல்லாத அவசரத்தை இருப்பதாகக் காட்டுவது ஒன்று. கேட்காத பொருளையோ நன்கொடையையோ கூடையில் சேர்த்துவிடுவது ஒன்று. விலையின் ஒரு பகுதியை மறைத்துவைத்துக் கடைசியில் கூட்டுவது ஒன்று. வேண்டாம் என்பவரை வெட்கப்படுத்துவது ஒன்று. எளிதில் சேரவிட்டு, விலகும் வழியை மறைக்கும் சந்தாப் பொறி மற்றொன்று. வாங்குபவரின் சம்மதத்தைக் குறிக்கும் கட்டத்தில் முன்கூட்டியே குறியிட்டு வைக்கலாகாது என்பதை 2020 விதிகளே கூறிவிட்டன.

இவையெல்லாம் பெரிய நிறுவனங்களின் வேலை என்று எண்ணியிருந்தேன். பிறகு எங்கள் பக்கத்தை நானே பார்த்தேன். ‘இன்னும் 2 புடவைகள் மட்டுமே’ என்று இருந்தது. பீரோவில் அதே வகையில் இருபதுக்கு மேல் இருந்தன. அஞ்சல் செலவு கடைசியில் கூடியதை முன்பே சொன்னேன். இன்னும் ஒன்று உண்டு. விற்பனையாளர் தாமே நுகர்வோரைப்போல் நடித்து மதிப்புரை எழுதக்கூடாது என்பது விதி. எங்கள் பக்கத்தில் இருந்த ஐந்து நட்சத்திர மதிப்புரைகளில் ஒன்றை எழுதியவன் நான். ‘நிறம் படத்தில் உள்ளபடியே இருக்கிறது’ என்று எழுதியிருந்தேன். அந்த அம்மையார் அதை நம்பியும் வாங்கியிருக்கலாம். அன்றே அதை நீக்கினேன்.

மாறும் விதிகளோடு நடப்பது எப்படி?

2019 சட்டப்படி ஒரு கோடி ரூபாய் வரை விசாரித்த மாவட்ட ஆணையத்தின் வரம்பு, 2021 டிசம்பரில் 50 லட்சமாக மாற்றப்பட்டது. 2022 ஜூனில் தவறான விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டுநெறிகள் வந்தன. அதே ஆண்டு நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென ஐ.எஸ். 19000 என்ற தரநிலை வந்தது. 2025 ஜூனில், மின்வணிகத் தளங்கள் தம்மிடம் கண்கட்டு உத்திகள் உள்ளனவா என்று மூன்று மாதத்துக்குள் தாமே சோதித்தறியுமாறு மத்திய ஆணையம் அறிவுறுத்தியது. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றைக் காப்பதற்கான சட்டம் 2023இல் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அவை படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி அமைந்தவை.

இத்தனை மாற்றங்களையும் ஒரு சிறு கடை எவ்வாறு பின்தொடர்வது? எங்கள் ஆய்வகப் பதிவேடு எனக்கு வழிகாட்டியது. அதில் ஒரு பக்கத்தில் படமும் அளவீட்டு அட்டவணையும், எதிர்ப்பக்கத்தில் விளக்கமும் எழுதுவோம். அதுபோல ஒரு நோட்டில், இடப்பக்கம் விதியும் அது நடைமுறைக்கு வரும் நாளும், வலப்பக்கம் அதற்காக எங்கள் பக்கத்தில் நாங்கள் மாற்றியதும் மாற்றிய நாளும் எழுதினோம். வலப்பக்கம் வெறுமையாக இருந்தால் வேலை பாக்கி இருக்கிறது என்று பொருள்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒருமணி நேரம் இதற்கென்று ஒதுக்கினோம். நுகர்வோர் நலத் துறையின் இணையதளத்தைப் பார்ப்பது, சந்தை நிறுவனம் அனுப்பும் அறிவிப்புகளைப் படிக்காமல் தள்ளிவிடாதிருப்பது, எங்கள் பக்கத்தையே ஒரு வாடிக்கையாளரைப்போல் திறந்து கடைசித் திரைவரை சென்று பார்ப்பது ஆகிய மூன்றுமே அந்த ஒருமணி நேர வேலை. பக்கத்தை மாற்றும்போது பழைய பக்கத்தின் படத்தையும் எடுத்து வைக்கிறோம். எந்த நாளில் என்ன எழுதியிருந்தோம் என்று பின்னர் கேள்வி எழுந்தால் அதுவே சான்று. மற்றொரு நோட்டு புகார்களுக்கு. புகார் வந்த நாளும் நேரமும், புகாரின் சுருக்கம், பதில் கொடுத்த நேரம், தீர்ந்த நாள் என நான்கு கட்டங்கள். ஆன செலவு இரண்டு நோட்டுகளின் விலை மட்டுமே.

ஓராண்டாக இவ்வாறு எழுதிவந்ததில் ஓர் உண்மை புலப்பட்டது. விதிகளின் எண்ணும் நாளும் தொகையும் மாறுகின்றன. அவற்றின் உட்பொருள் அவ்வளவாக மாறுவதில்லை. யார் விற்கிறார், என்ன விற்கிறார், மொத்தம் எவ்வளவு, குறையென்றால் யாரிடம் கேட்பது ஆகிய நான்கு கேள்விகளுக்கும் மறைவின்றி விடை தந்திருக்கும் கடைக்கு, புதிய விதி வரும்போது செய்யவேண்டிய வேலை சிறிதே. அவற்றை மறைத்து வைத்திருக்கும் கடைக்குத்தான் ஒவ்வொரு விதியும் இடியாக விழுகிறது.

முடிவுரை

கடிதம் வந்த ஐந்தாம் நாள் அக்கா அந்த அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் தமிழிலேயே பேசினார். “தப்பு எங்க பேர்லதாம்மா” என்று அக்கா தொடங்கியதும் மறுமுனையில் குரல் தணிந்தது. புடவையை எங்கள் செலவில் திரும்பப் பெற்றுப் பணம் முழுவதையும் அனுப்பினோம். இருவழி அஞ்சல் செலவு நட்டம். புடவை, அதன் உண்மையான நிறத்தோடு எடுத்த படத்தைப் போட்டபின் வேறொருவருக்கு விற்றது. அந்த அம்மையார் புகாரை முடித்துக்கொண்டார். மீண்டும் எங்களிடம் வாங்கவில்லை. இழந்த நம்பிக்கையை மீட்டுத்தர எந்தச் சட்டத்தாலும் இயலாது என்பதை அதிலிருந்து கற்றேன்.

நண்பர்களே! நம் கல்லூரியிலேயே கைப்பேசி வழியாக வளையலும் ஊறுகாயும் துணியும் விற்கும் மாணவ மாணவியர் பலர் உள்ளனர். நம் வீட்டில் யாரேனும் விற்றால், அவர்கள் பக்கத்தை இன்று மாலை ஒருமுறை வாங்குபவர் கண்கொண்டு பாருங்கள். ஆங்கிலத்தில் உள்ள விதியைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். வாங்கும் இடத்தில் நாம் இருந்து ஏமாற்றப்பட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். படித்தவர் வீட்டுக்கு ஒருவரே இருக்கும் குடும்பங்களில் அந்த ஒருவர் செய்யவேண்டிய பணி இது.

அக்காவின் கடைப்பக்கத்தில் பழைய வாசகம் இப்போது இல்லை. அந்த இடத்தில் அவரே சொல்லி நான் எழுதியது இருக்கிறது: ‘படம் பகல் வெளிச்சத்தில் எடுத்தது. புடவை படம்போல் இல்லையென்றால் எங்கள் செலவில் திருப்பி அனுப்பலாம். இந்த எண்ணில் நான்தான் பேசுவேன்.’